ரகசியம் சொல்கிற இடம்

வலது காலை முன்னால் வைக்கச் சொல்கிறாள் அந்தப் பெண். வைக்கலாம். ஐம்பத்து மூன்று வருடமாக வைத்துப் பழகிய கால்தான். ஆனால் சொல்கிறவள் எதிரே நின்று சொல்கிறாள், அவளுடைய வலது இவளுக்கு இடது, அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்குள் இன்னும் மூன்று பேர் நின்று ஆளுக்கொரு காலைத் தூக்குகிறார்கள், இதில் எந்த வலதைப் பார்த்து எந்த வலதை வைப்பது என்று சௌந்தரம் யோசித்து முடிப்பதற்குள் ஃபைவ், சிக்ஸ் போய் செவன், எய்ட் வந்துவிடுகிறது, பாட்டும் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. "சூப்பரா வருதுங்க ஆன்ட்டி, இன்னொருக்கா பண்ணலாம்," என்கிறாள் ஷைனி. எதைச் செய்தாலும் சூப்பர் என்கிற பெண். இருபத்து நான்கு வயதிருக்கும், காலில் வெள்ளை ஷூ, கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுப்பதுதான் தொழிலாம். கோயம்புத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடி. காலை பதினோரு மணி வெயிலை வெளியே நிறுத்தி, ஜன்னலையெல்லாம் சாத்தி, ஏ.சி.யைப் போட்டு, உள்ளே புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு கிழடுகளை நிற்க வைத்திருக்கிறார்கள். வெளியே போக ஒரே கதவு. அந்தக் கதவை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தாரணி உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்கிறாள். பெற்ற மகள்தான், காவலுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது நாளில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கௌஷிக்கின் அப்பா அம்மா ரிசப்ஷனில் ஆடத் தயாராகிவிட்டார்கள், வீடியோ கூட வந்துவிட்டது, அந்தம்மா பச்சைப் பட்டில் இடுப்பில் கைவைத்துச் சுற்றிய சுற்றைச் சௌந்தரம் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். "அவங்க ஆடினா நாமளும் ஆடோணும்னு சட்டமா கண்ணு?" என்று கேட்டதற்குத் தாரணி சட்டமெல்லாம் பேசவில்லை. "எனக்காக மூணு நிமிஷம்மா. இதுக்கப்புறம் நான் உன்கிட்ட எதையும் கேக்க மாட்டேன்," என்றாள். இதுக்கப்புறம் என்றாளே, அதில்தான் சௌந்தரம் அமுங்கிப்போனாள். அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நினைக்காமல் இருக்கத்தான் இந்த ஒரு மாதமாகப் பலகாரம், பத்திரிகை, ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது என்று ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"அங்கிள், ஆன்ட்டி கையைப் புடிச்சுக்குங்க," என்று ஷைனி சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சென்னியப்பன் உள்ளங்கையை வேட்டியில் ஒரு தடவை துடைத்ததைச் சௌந்தரம் கண்ணாடியில் பார்த்தாள். இந்தக் குளிரில் யாருக்கு வியர்க்கும். கோவிலில் பிரசாதம் வாங்குவதற்கு முன்னால் அவர் அப்படித் துடைப்பார். பிறகு நீட்டினார், நீட்டிய கை அங்கேயே நின்றது, அவள்தான் வைக்க வேண்டியிருந்தது, வைத்தாள். சூடாக இருந்தது. சில்லென்று இருக்கும் என்று ஏன் நினைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே தறியில் நூல் முடிந்து முடிந்து வந்த காய்ப்பு அப்படியே இருந்தது. விரல் அதை உடனே கண்டுபிடித்தது, யாரும் தேடச் சொல்லவில்லை. கடைசியாக இந்தக் கையை எப்போது தொட்டோம் என்று யோசித்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. போன வருடம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது கூட ரசத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. பதினோரு வருடம். ஒரே வீடு, ஒரே சோப்பு, ஒரே வாஷிங் மெஷின், அதற்குள் அவர் சட்டைக் கையும் அவள் முந்தானையும் முறுக்கிக்கொண்டு கிடக்கும், அவள்தான் பிரித்து உதறிக் காயப்போடுவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. ஊருக்கு இது தெரியாது. ஊர் முன்னால் ஒன்றாகவே போவார்கள், ஒன்றாகவே நிற்பார்கள், சீர்த் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். "உங்க வீட்டுல சண்டையே வராதாமே," என்று கௌஷிக்கின் அம்மா தாரணியிடம் ஆச்சரியப்பட்டாளாம். எப்படி வரும், சண்டை போடவும் பேச வேண்டுமே. பேச வேண்டியதையெல்லாம் தாரணிதான் சுமந்து நடந்தாள். "கண்ணு, காஸ் தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு." "கண்ணு, ஞாயித்துக்கெழமை அவினாசியில விசேஷம், உங்கம்மாவைக் கெளம்பி இருக்கச் சொல்லு." அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகாவது இது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மாடியில் தொட்டி நிரம்பி வழியும், கீழே அவர் மோட்டார் சுவிட்சுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார், துணி காயப்போடுகிற சௌந்தரம் பெங்களூருக்குப் போன் போடுவாள், பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கிற பெண் எழுந்து வெளியே வந்து சோமனூர் வீட்டுக்குப் போன் போடுவாள், கீழே மணி அடிக்கும், மோட்டார் நிற்கும். எல்லாம் ஒரு நிமிடத்து வேலை. நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. தாரணி மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை.

"இப்ப ஆன்ட்டி சுத்தோணும், அங்கிள் கைக்கு அடியில பூந்து." பூந்தாள். பாதி சுற்றியதும் தலை கிறுகிறுத்தது, பின்பக்கத்து வெள்ளைச் சுவர், தாரணி, கதவு, மறுபடியும் கண்ணாடி, கண்ணாடியில் அவர். எவ்வளவு குட்டையாகிவிட்டார். இல்லை, முன்பே இப்படித்தானோ. பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தால்தானே உயரம் தெரியும், அவள் பார்ப்பதெல்லாம் அவருடைய முதுகையும் சாப்பிட்டு எழுந்த தட்டையும்தான். புருவம் வெளுத்துவிட்டது. எல்லாம் எதற்காக, அவளுடைய தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இலை முன்னால் உட்கார்ந்து அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. தாரணிக்கு அப்போது பதினேழு, அவளைச் சென்னைக்குப் படிக்க அனுப்புவதா கோயம்புத்தூரிலேயே சேர்ப்பதா என்று பந்தியில் பேச்சு, சென்னையே நல்லதுதானே என்று சௌந்தரம் வாய் திறந்தாள், "நீ சும்மா இரு, உனக்கொண்ணும் தெரியாது," என்றார் அவர். அவ்வளவுதான். அதே வார்த்தைகளை அதற்கு முன்னால் நூறு தடவை சொல்லியிருக்கிறார், நூறு தடவையும் காற்றோடு போயிருக்கிறது. அன்றைக்கு மட்டும் தம்பி பெண்டாட்டி சாம்பார் வாளியோடு எதிரே நின்று ஒரு நொடி இவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி, இன்னொரு கரண்டி ஊற்றினாள். அந்தச் சாம்பார்தான் தாங்கவில்லை. அவராக வந்து தப்புத்தான் என்று சொல்கிற வரைக்கும் பேசுவதில்லை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து முடிவு செய்தாள், மிஞ்சிப் போனால் மூன்று நாள் தாங்கும் என்று கணக்கு. நான்காம் நாள் காலையில் அவர் கண்ணாடியைத் தேடினார், மூக்குக்கண்ணாடியை, அது ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது, அவளுக்குத் தெரியும், இன்னும் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் அவள் தாங்க மாட்டாமல் சொல்லியிருப்பாள், இல்லாவிட்டால் அவர் கேட்டிருப்பார். அப்போது யூனிஃபார்மோடு தாரணி வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்கு டிபன் வைக்கட்டுமா?" என்றாள். கெட்டிக்காரப் பெண். இரண்டு பேருக்கும் நடுவே கிடந்த அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டாள், நின்ற பிறகு நகர யாரும் விடவில்லை. அவள் மட்டும் அன்றைக்குப் பல் விளக்கிக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்று சௌந்தரம் சில நாள் நினைப்பாள், நினைத்த உடனே பெற்ற பெண்ணின் மேல் பழி போடுகிறோமே என்று தன்மேல் வெறுப்பு வரும், வெறுப்பைத் தூக்கி அவர்மேல் போட்டுவிட்டு அரிசி களைவாள்.

"ஐ கான்டாக்ட் வேணுங்க ஆன்ட்டி, அங்கிள் கண்ணைப் பாருங்க, சட்டைப் பொத்தானைப் பாக்கறீங்க." பொத்தான்தான் நல்லது, இரண்டாவது பொத்தானில் நூல் தொங்குகிறது, அவள் தைத்ததுதான். கண்ணைப் பார்த்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. பார்த்தாள். அவர் அவளுடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் ஏதோ எழுதியிருப்பது போல அவ்வளவு கவனமாக. அந்தப் பார்வை பார்க்கவா இந்தக் கண். ஒரு காலத்தில் இதே மனிதர் தறிகுடோனில் எட்டுத் தறியும் ஓடுகிறபோது அவள் டீ கொண்டு போனால் அங்கேயிருந்தே பார்ப்பார், அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, தறிக்காரர்கள் எல்லோரும் வாயை அசைத்துத்தான் பேசுவார்கள், கல்யாணமான புதிதில் அவளுக்கு அது புரியாமல் போய்ப் பிறகு நன்றாகப் பழகிவிட்டது. சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, சேலை நல்லாருக்கு என்பார். சர்க்கரை பத்தலை என்பார். நாலு ஆள் வேலை செய்கிற இடத்தில் நடுவே நின்று அவர்களுக்குக் கேட்காமல் என்னென்னவோ சொல்வார், அவள் காது வரைக்கும் சிவந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வருவாள். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த மனிதர் காணாமல் போய்விடுவார், அங்கே சத்தம் இல்லை, பேசலாம், அதனால் பேச்சும் இல்லை. யோசித்தால் அவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டதே ஒன்றும் கேட்காத இடத்தில்தான். "கண்ணு கண்ணு ஆன்ட்டி, மறுபடியும் பொத்தான்." கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் தாரணி நெதர்லாந்து போகிறாள். நாம் காலையில் எழும்போது அங்கே நடுராத்திரியாம். காலையில் எழுந்து காஸ் தீர்ந்துவிட்டது என்றால் யாரிடம் சொல்வது. அது கூடப் போகட்டும், காஸைச் சௌந்தரமே போன் போட்டு வரவழைத்துக்கொள்வாள். சொல்ல ஆள் இல்லாத வீட்டில் சொல்லத் தோன்றுவதே நின்றுபோகுமே, அதுதான் பயமாக இருக்கிறது. ஹாலில் அவர், உள்ளறையில் அவள், நடுவே டி.வி., அதில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். இரண்டில் ஒருவர் போய்ச் சேரும் வரைக்கும் அப்படியே. போய்ச் சேர்ந்ததை மற்றவர் யாரைக் கூப்பிட்டுச் சொல்வார், நெதர்லாந்துக்குப் போன் போட்டு, கண்ணு உங்கப்பாகிட்ட என்று ஆரம்பித்து. சீ, என்ன நினைப்பு இது, கல்யாண நேரத்தில்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. அதை இந்தத் தாரணி கூட அறிய மாட்டாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம், இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. பதினைந்து நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். தாரணியிடம் சொன்னால் அது அப்படியே அவரிடம் போகும், இதையும் அந்த வழியில் அனுப்ப மனசு வரவில்லை. தனியாக பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வந்தாள், ஸ்கேன் எடுத்தாள், ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், அதுவரைக்கும் தினமும் சமைத்தாள். ரிசல்ட் வந்தது, ஒன்றுமில்லை, சும்மா கொழுப்புக் கட்டி, இதோடு நூறு வயது இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். சோமனூர் வந்து சேருகிற வரைக்கும் பஸ்ஸில் யாரிடம் சொல்வோம் என்று இருந்தது, பக்கத்துச் சீட்டில் மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லிவிடலாமா என்று கூடத் தோன்றியது. வீட்டுக்குள் வந்தாள். அவர் ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், சமையலறைக்குப் பக்கவாட்டாக. அவள் சமையலறை நிலைப்படியில் நின்று, செருப்பைக் கூடக் கழற்றவில்லை, "ஏனுங்க," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தைப் படித்தார். அவ்வளவு நிதானம். அவள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் என்ன வேண்டுமானாலும் அழலாம். அதற்கு முன்னால் வரைக்கும் அவளுடைய கோபத்தில் ஒரு ஓரமாவது திறந்து கிடந்தது. அன்றைக்கு அதையும் சாத்திவிட்டாள். பேசாமல் இருந்து அவரைத் தண்டிக்கிறோம் என்று இத்தனை வருடம் நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம், அவருக்கு அது தண்டனையே இல்லை, அவருக்கு நிம்மதி, பேப்பர் படிக்க வசதி, என்று அந்தத் திரும்பிய பக்கம் சொல்லிவிட்டது. பக்கம் திரும்பிய அந்தச் சத்தத்தைச் சௌந்தரம் படுக்கும்போதும் எழும்போதும் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாள். இப்போது கூட, இந்த ஆட்டத்துக்கு நடுவே, ஏ.சி. காற்றில் சுவரில் ஏதோ காகிதம் சரசரத்தால் கால் தாளம் தப்புகிறது.

"இதுதாங்க ஹைலைட்டு," என்றாள் ஷைனி. பாட்டில் அந்த இடம் வரும்போது ஆன்ட்டி அங்கிள் காதில் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும், கையால் வாயை மறைத்துக்கொண்டு. அங்கிள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எட்டு எண்ணி முடிகிற இடத்தில் பெரிதாகச் சிரிக்க வேண்டும். சனங்கள் எல்லாம் விசிலடிப்பார்கள். "வெறுமனே நின்னா டல்லா இருக்கும் ஆன்ட்டி, நெஜமாவே ஏதாச்சும் சொல்லுங்க." சௌந்தரம் அவருடைய இடது பக்கம் நின்றாள். பாட்டு சத்தமாக ஓடியது, கால் எப்படியோ சரியாக விழுந்தது, அந்த இடம் வந்தது, அவர் தலையைச் சாய்த்தார், அவள் கையை மறைத்தாள். சும்மா முணுமுணுத்தால் போதும் என்றுதான் கிட்டே போனாள். அந்தக் கைக்குள் இருட்டாக, கதகதப்பாக, அவளுடைய மூச்சு அவளுக்கே திரும்பி வந்தது, தாரணிக்குக் கேட்காது, இந்தப் பெண்ணுக்குக் கேட்காது, உலகத்தில் யாருக்கும் கேட்காது, எப்படி வந்தது என்று தெரியாமல் வந்துவிட்டது: "புள்ள போயிட்டா நாம என்னுங்க பண்றது?" சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது. ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட். அவர் தலையைப் பின்னால் தள்ளிச் சிரித்தார். ஹஹ்ஹஹ்ஹா என்று, பல் தெரிய, நல்ல வாய்விட்ட சிரிப்பு. "சூப்பர் அங்கிள், அப்பிடித்தான்," என்றாள் ஷைனி.

முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் விழுந்தாள். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா. பேப்பர் திருப்பியதாவது பரவாயில்லை, அதில் மௌனம் இருந்தது, மௌனத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, இது சிரிப்பு. பதினோரு வருடத்துக்கு ஒரு கேள்வி, அதற்குப் பல்லைக் காட்டிச் சிரிப்பு. தாரணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "உங்கப்பா எதுக்குச் சிரிச்சாரு?" என்றாள் சௌந்தரம். "அங்க சிரிக்கச் சொல்லித்தானே மிஸ் சொல்லிக்குடுத்தாங்க." "நாஞ் சொன்னதைக் கேட்டுட்டா சிரிச்சாரு?" தாரணி ஒரு வினாடி புரியாமல் பார்த்தாள். "நீ நெஜமா சொன்னியா? அந்தப் பக்கம் சொன்னா அப்பாவுக்கு எப்பிடிம்மா கேக்கும்? இடது காது சுத்தமாப் போச்சுல்ல." எந்தக் காது, என்ன போச்சு. "ரெண்டு வருஷமாச்சும்மா. தறிச் சத்தத்துல போனதுன்னு டாக்டர் சொன்னாரு, நான் தீபாவளிக்கு வந்தப்பக் கூட்டிட்டுப் போனனே. வலதுலயும் மிஷின் வச்சுக்கச் சொன்னாங்க, இவருதான் வேண்டாங்கறாரு." "எனக்கு யாரு சொன்னா?" என்றாள் சௌந்தரம். "எங்கிட்டச் சொல்லோணும்னு உனக்குத் தோணலயா?" தாரணி பாட்டில் மூடியைத் திருகினாள், திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டிருந்தாள். "அப்பா சொல்லச் சொல்லலை. நீயும் கேக்கச் சொல்லலை. சொல்லச் சொன்னதை மட்டுந்தானம்மா நான் சொல்லிட்டிருந்தேன்," என்றாள். அதில் கோபம் கூட இல்லை, களைப்பு மட்டும்தான் இருந்தது.

இரண்டு வருடம். அப்படியானால் பங்குனி அதற்குள் வருகிறது. பெஞ்சில் அவர் எந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தார். சமையலறைக்கு இடது தோள், ஆமாம், இடது தோள்தான், ஜன்னல் வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழும், பேப்பர் படிக்கிறவர் வெளிச்சத்துப் பக்கம்தான் சாய்வார். கேட்கவில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை. ஒன்றரை வருடமாக காது கேட்காத ஒருவர் பேப்பர் பக்கத்தைத் திருப்பியதற்கு உட்கார்ந்து பொழிப்புரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனால் வலது காது கேட்குமே. வலது காதுக்கு நிலைப்படியில் நின்று கூப்பிட்டது கேட்காதா. கொஞ்சம் கேட்டிருக்கும். கேட்டும் திருப்பினாரா, கேட்காமல் திருப்பினாரா. இது தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம், ஆனால் இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு, அவரிடமே கேட்பது. தாரணி மூலமாகக் கேட்க முடியாது. கண்ணு, போன வருசம் பங்குனியில நான் ஏனுங்கன்னு கூப்பிட்டது காதுல விழுந்துதான்னு உங்கப்பாகிட்டக் கேளு. எப்படிக் கேட்பாள், அவளுக்கு மார்புக் கட்டியிலிருந்து சொல்ல வேண்டும். அப்புறம் அவரும், காது போவதை, அதுவும் மெல்ல மெல்ல, ஒவ்வொரு குரலாகப் போவதைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், அவள் கட்டியை வைத்துக்கொண்டு சமைத்த மாதிரி. அவருக்கும் யாரிடம் சொல்வோம் என்று இருந்ததோ என்னவோ. அவரும் எங்கேயாவது நிலைப்படியில் நின்று எதையாவது சொல்லி, அவள் குக்கர் சத்தத்தில் திரும்பாமல் இருந்தாளோ என்னவோ. ஐயோ, அப்படி ஒன்று நடந்திருந்தால். கோபம் இருந்தபோது நிற்கத் தரை இருந்தது, அதையும் உருவிக்கொண்டார்கள். அறையின் அந்தக் கோடியில் அவர் ஷைனியிடம் ஏதோ சொல்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாய் அசைவது தெரிந்தது, படிக்கப் பழகிய வாய்தான், பழைய புத்தி உடனே படித்துவிட்டது. அம்மிணி, அவங்களை எனக்கு வலது பக்கம் வந்து நிக்கச் சொல்றீங்களா என்கிறார்.

"ஆன்ட்டி, பக்கம் மாத்தி நின்னுக்கலாங்களா, அங்கிளுக்கு அதுதான் வசதியாம்." எழுந்து போய் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. வலது கால், இடது கால், கை, சுற்று, கதவு, தாரணி, கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மனிதராக இருக்கிறார், இந்தக் கன்னத்தில் சவரத்தில் விடுபட்ட நாலு வெள்ளை முடி. அந்த இடம் வந்துகொண்டே இருந்தது. வந்துவிட்டது. அவர் தலையைச் சாய்த்தார், முந்தின தடவையை விட அதிகமாக, ஷைனி சொல்லிக்கொடுத்ததை விட அதிகமாக. சௌந்தரம் கையை மறைத்து வாயைக் கிட்டே கொண்டுபோனாள். புள்ள போயிட்டா என்று ஆரம்பிக்கலாம், காது எப்ப போச்சுங்க என்று ஆரம்பிக்கலாம், பங்குனி, கட்டி, பந்தியில் சொன்ன சொல், எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொண்டைக்கு வந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. மூச்சு மட்டும் அவர் காதில் பட்டுக்கொண்டிருந்தது. எட்டும் எண்ணி முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. பாட்டு அடுத்த வரிக்குப் போனது, அதற்கடுத்த வரிக்கும் போனது.

"அங்கிள், இங்க சிரிக்கோணும்," என்றாள் ஷைனி.

அவர் தலையை எடுக்கவில்லை. "அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களே அம்மிணி," என்றார்.

ஷைனி சிரித்தாள். "சும்மா வாயசைச்சாப் போதுங்க அங்கிள், நெஜமாச் சொல்லோணும்னு இல்ல."

"இல்லீங்க, சொல்லட்டும். நான் இருக்கறேன்."

ஷைனி பாட்டை நிறுத்தினாள். நிறுத்திய பிறகு கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சௌந்தரத்தின் வாய்க்கும் அவர் காதுக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. அவள் கையைக் கீழே போட்டாள். அவர் காதைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பி ஷைனியைப் பார்த்து, "எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னு சொல்லு கண்ணு," என்றாள்.

ஷைனி தாரணியைப் பார்த்தாள். தாரணி செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரவில்லை. சென்னியப்பனுக்கு அது கேட்டிருந்தது. நல்ல காது, நாலு விரல் தூரம். இருந்தும் அவர் குனிந்தபடியே காத்திருந்தார்.

"அங்கிள்," என்றாள் ஷைனி கடைசியில், "எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு ஆன்ட்டிக்குத் தெரியலையாம்."

"பரவால்லைன்னு சொல்லுங்க," என்றார் அவர்.

ஷைனி சௌந்தரத்தின் பக்கம் திரும்பினாள்.